ஒரு புள்ளித் தோல்வியும் என் தொண்டையும்

1

"அப்பா, அடுத்த சனிக்கிழமை மட்ச்சுக்கு நீங்கள் வரத் தேவையில்லை. இட்ஸ் ஓகே."

மகள் ஆரணி போனில் இப்படிச் சொன்னபோது நான் மெல்பேர்னின் டண்டினொங்கில், வேலைத்தலத்துக் கார் தரிப்பிடத்தில், மத்தியானச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"ஏன் பிள்ளை, மழையாமோ?"

"இல்லை."

"பிறகு?"

"ஜஸ்ட்... உங்களுக்கு டிரைவ் லோங்தானே."

அவளை நீச்சலுக்கும், வயலினுக்கும், தமிழ்ப் பள்ளிக்கும் பதினைந்து வருடம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்தப் பதினைந்து வருடத்தில் ஒருநாள்கூட என்னுடைய பயணத்தின் நீளம் அவளுக்கு உறைத்ததில்லை. இப்போது திடீரென்று கரிசனை வந்திருக்கிறது. வளர்ந்த பிள்ளை தகப்பனிடம் கரிசனை காட்டினால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வாழைக்காய்ப் பொரியல் சாப்பிட்டு முடிக்கும் நேரம் பிடித்தது. சோறு மிஞ்சிவிட்டது.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலில் இரண்டு சொற்களை விளங்கப்படுத்த வேண்டும். இரண்டிலும் நான் வழுக்கி விழுந்திருக்கிறேன்.

முதலாவது, கொலிஜ். யாழ்ப்பாணத்தில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம்; பல்கலைக்கழகத்தைக் கம்பஸ் என்போம். இங்கே ஆரணி இருக்கும் கொலிஜ் என்பது பல்கலைக்கழகத்து மாணவர்கள் தங்கும் விடுதி. வீடு இதே நகரத்தில், ரோவிலில் இருக்க விடுதி எதற்கு என்று நான் கேட்டேன். ரோவிலுக்கு ரயில் இல்லை, பஸ் பிடித்து ரயில் பிடித்து வகுப்புக்குப் போய்ச் சேர முன்னம் வகுப்பு முடிந்துவிடும் என்றாள். மறுக்க முடியாத வாதம். ரோவிலில் வீடு வாங்கியவன் நான். பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். கொழும்பில் இருக்கும் என் மாமியிடம் "பிள்ளை கொலிஜிலை இருக்கிறாள்" என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு மாமி மெதுவாகக் கேட்டார்: "இன்னும் கொலிஜ்தானோ, தம்பி? கம்பஸ் கிடைக்கேல்லையோ?"

இரண்டாவது, ஃபுட்போல். இங்கே மெல்பேர்னில் ஃபுட்போல் என்றால் பந்து முட்டை வடிவம். அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாலு கம்பங்கள் நட்டிருக்கும். நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. பக்கத்துக் குட்டைக் கம்பத்துப் பக்கமாகப் போனால் ஒரு புள்ளி. குறி தவறியவனுக்கும் ஆறுதல் பரிசு கொடுக்கும் விளையாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. இந்த விடுதிகளுக்குள்ளே பெண்பிள்ளைகளுக்கும் போட்டி நடக்கும். வயலின் பழகிய என் மகள் போன வருடம் அதில் முன்வரிசையில் ஆடினாள். பக்கத்து விடுதியுடன் ஒரு புள்ளியால் தோற்றார்கள்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க நான் போயிருந்தேன். எல்லைக்கோட்டில் நின்று நன்றாக உற்சாகப்படுத்தியதாகவும், பிள்ளைகள் அதிர்ஷ்டம் இல்லாமல் தோற்றதாகவும் ஒரு வருடமாக எல்லோருக்கும் சொல்லி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் அதே விடுதியுடன் ஆட்டம். அதற்குத்தான் வர வேண்டாமாம்.

3

நான் எடுத்த முடிவு இதுதான். எனக்கு விதி தெரியாததால்தான் பிள்ளைக்கு வெட்கம். ஆகவே விதியைப் படிப்பேன். வேலைத்தலத்து பிரிண்டரில் விதிமுறைப் புத்தகத்தை அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போன வருட ஆட்டத்தின் வீடியோவும் என்னிடம் இருந்தது. அணித் தலைவியின் தகப்பன் கிரெக் என்பவர் எனக்குப் பக்கத்தில் நின்று முக்காலி வைத்துப் படம் பிடித்தார். அந்த வாரமே எனக்கு அனுப்பியும் விட்டார். கூடவே ஒரு குறிப்பு: "சத்தத்தோடு பார்ப்பதா, சத்தம் இல்லாமல் பார்ப்பதா, அது உங்கள் விருப்பம்." வெள்ளைக்காரர்களின் பகிடி எனக்குப் பாதிதான் விளங்கும் என்பதால் நான் அதற்கு ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பிவிட்டு வீடியோவைத் திறக்காமலே வைத்திருந்தேன். தோற்ற ஆட்டத்தை யார் திரும்பப் பார்ப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதிரையை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, விதிப்புத்தகத்தை மடியில் வைத்து, சத்தத்தைக் கூட்டினேன்.

முதல் சத்தமே ஒரு அலறல்.

குசினிக்குள் இருந்து என் மனைவி வாசுகி கையில் வெங்காயத்தோடு வந்தாள். "இது என்னப்பா, ஆரோ மாடு கலைக்கிற மாதிரி?"

"நான்தான்."

அவள் டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெங்காயத்தோடு பக்கத்தில் இருந்துவிட்டாள்.

படத்தில் நான் இல்லை. குரல் மட்டும் இருந்தது. எண்பது நிமிட ஆட்டத்தில் மற்றப் பெற்றோர் ஒரு முப்பது பேர் அங்கும் இங்கும் கைதட்டுகிறார்கள். நான் மட்டும் இடைவிடாமல் கத்துகிறேன். "ஓடு! விடாதை! அவளைப் பிடி! அங்காலை பார்! குனி!" நடுவருக்கு ஆங்கிலத்தில் அறிவுரை சொல்கிறேன். பந்தைக் கையில் தொட்டதற்கு ஒருமுறை "ஹாண்ட் போல்!" என்று முறையிடுகிறேன். கையால் ஆடும் விளையாட்டில். கிரெக் மெல்ல இருமுவதும் கேட்கிறது.

இதற்குக் காரணம் என் படிப்பு. எங்கள் கல்லூரியில் உதைபந்தாட்ட அணிக்குள் நான் ஒருநாளும் நுழைந்ததில்லை. என் திறமை எல்லாம் தொண்டையில். பெரிய ஆட்டம் ஒன்று வந்தால் மைதானத்தைச் சுற்றி ஆயிரம் பேர் நின்று பதினொரு பேருக்கும் அறிவுரை கத்துவோம். எங்களுக்கும் ஒரு ஆட்டம் ஒரே ஒரு கோலால் போனது. முடிந்த பிறகு கோல்காப்பாளனாக நின்ற என் வகுப்புத் தோழனிடம் ஓடிப்போய், "இடப்பக்கம் பாய் எண்டு எத்தினை தரம் கத்தினனான்! கேக்கேல்லையோ?" என்று சண்டை பிடித்தேன். அவன் சேற்றைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஆர்ரா நீ? எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது."

கத்துவதால் ஒன்றும் ஆகாது, அது மழை பெய்வது போல என்று நம்பியே நான் வளர்ந்தேன். முப்பதே பேர் நிற்கும் இந்த மைதானத்தில் ஒரு குரல் எவ்வளவு தூரம் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

4

கடைசி நிமிடம் வந்தது.

ஆரணியின் அணி இரண்டு புள்ளி பின்னால் நிற்கிறது. உயரமாக வந்த பந்தை அவள் இரண்டு பேருக்கு மேலால் பாய்ந்து நெஞ்சோடு பிடிக்கிறாள். கம்பங்களுக்கு நேர் எதிரே, கிட்டத்தான். நடுவர் விசில் ஊதுகிறார். நேரில் பார்த்தபோது எனக்கு அடுத்தது என்ன என்று தெரியாது. நேரம் போய்விடப் போகிறது என்ற பதற்றம் மட்டும்தான். இப்போது மடியில் விதிப்புத்தகம் இருந்தது. அது சொல்கிறது: இப்படிப் பிடித்தவரை யாரும் தொட முடியாது. அவர் பின்னால் போய், மூச்சு வாங்கி, ஆறுதலாகக் குறி பார்த்து உதைக்கலாம். இடையில் ஆட்டம் முடியும் சைரன் ஊதினாலும் அந்த உதை செல்லும்.

ஆரணிக்கு அது தெரிந்திருக்கிறது. வீடியோவில் அவள் அவசரமே இல்லாமல் பின்னால் நடக்கிறாள். காலுறையை இழுத்து விடுகிறாள். பந்தை ஒருமுறை சுழற்றுகிறாள்.

அப்போது குரல் வருகிறது. "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? நேரம் போகுது! அடி! அடி, பிள்ளை, அடி!"

அவள் தலையைத் தூக்கினாள். கமராப் பக்கம், அதாவது என் பக்கம், பார்த்தாள். அடுத்த கணம், கம்பங்களுக்கு நேராகப் பின்னால் நடந்த அந்தக் கோட்டில் இருந்து விலகி ஓடத் தொடங்கினாள். விலகினால் பாதுகாப்புப் போய்விடும். ஆட்டம் தொடரட்டும் என்று நடுவர் கையை வீசினார். எதிரணிப் பிள்ளை ஒருத்தி பாய்ந்து வந்தாள். ஆரணி அவசரமாக உதைத்தாள். பந்து அவளுடைய சப்பாத்தின் ஓரத்தில் பட்டு, உயரக் கம்பத்தில் மோதித் திரும்பியது. கம்பத்தில் பட்டால் கோல் இல்லை.

ஒரு புள்ளி. ஆறு கிடைத்திருந்தால் வென்றிருப்பார்கள். எதிரணி பந்தை எடுத்து ஒருமுறை உதைத்தது. சைரன் ஊதியது.

திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் தரம் போடும்போது வாசுகி ரிமோட்டை வாங்கி நிறுத்தினாள்.

"என்ர பிள்ளை நான் சொல்றதைக் கேக்கிறேல்லை, கேக்கிறேல்லை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்கள்," என்றாள். "கேட்டிருக்கிறாள்தானே."

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் நான் பாதுகாப்பு அலுவலர். சம்பவம் ஏதும் நடந்தால் நாலு பக்கப் படிவத்தில் மூல காரணத்தைக் கண்டுபிடித்து எழுதுபவன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரைப் பக்கத்தில் நின்று கூப்பிட்டுக் கவனத்தைத் திருப்பக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கும் அறிவித்தலை எழுதியவனும் நான்தான்.

அதோடு முடியவில்லை. போன வருடம் அந்த ஆட்டத்துக்கு அடுத்த கிழமை விடுதியில் இருந்து எல்லாப் பெற்றோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. "பார்வையாளர் நடத்தை நெறி" என்று தலைப்பு. விளையாடுபவர்களுக்கு வெளியில் இருந்து கட்டளை இடக் கூடாது, நடுவரிடம் வாதாடக் கூடாது என்று எட்டு விதிகள். ஒன்பதாவதாக, வாசித்தேன் என்று ஒரு பெட்டியில் சரி போட்டு அனுப்ப வேண்டும். நான் சரி போட்டேன். போட்டதோடு நிற்காமல் எல்லோருக்கும் போகும்படி ஒரு பதிலும் எழுதினேன். "முழுமையாக ஆதரிக்கிறேன். எப்படி நடந்துகொள்வது என்று சிலருக்குத் தெரிவதில்லை." கிரெக் மட்டும் அதற்குக் கட்டைவிரல் ஒன்றைத் தூக்கிக் காட்டியிருந்தார். என்ன நல்ல மனிதன் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், வேறு காரணத்துக்காக.

5

புதன்கிழமை பின்னேரம் ஆரணி உடுப்புத் தோய்க்க வீட்டுக்கு வந்தாள். விடுதியில் மெஷின் இருக்கிறது. ஆனால் வரிசையாம். அந்த வரிசை நீளமாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ளும் நிலையில் நாங்கள் இருக்கிறோம்.

அவள் மேசையில் இருந்து தோசை சாப்பிடும்போது நான் எதிரே போய் இருந்தேன். மூன்று நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு தொண்டையிலேயே நின்றது. இந்தத் தொண்டை அதற்கு முன் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை.

"பிள்ளை, நான் போன வருச வீடியோவைப் பாத்தனான்."

அவள் தோசையை மெல்வதை நிறுத்தினாள். "ஓ."

"சத்தத்தோடை."

"ஓ, நோ."

"நான்தானே உன்னைக் குழப்பினது?"

அவள் தட்டைப் பார்த்தாள். "இட்ஸ் ஃபைன், அப்பா. அது எப்பவோ முடிஞ்சுது."

"நீ ஏன் சொல்லேல்லை?"

"என்ன சொல்றது?"

"உன்ர கோச் கேக்கேல்லையோ, ஏன் அவசரப்பட்டனி எண்டு?"

கேட்டாராம். நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னது போலக் கேட்டது என்று இவள் சொல்லிவிட்டாளாம். பிறகு அடுத்த பயிற்சியில் எல்லோரும் சேர்ந்து வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சத்தத்தோடு. இருபத்திரண்டு பிள்ளைகளும் திரும்பி இவளைப் பார்த்திருக்கிறார்கள். 'அடி' என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"இப்ப டீமிலை ஆராவது யோசிக்காமல் அவசரமா உதைச்சா, 'ஷீ டிட் அன் அடி' எண்டு சொல்லுவினம்," என்றாள். சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆஸ்திரேலிய ஆங்கிலத்துக்கு நான் ஒரு தமிழ்ச் சொல்லை வழங்கியிருக்கிறேன். பொருள்: மடைத்தனம்.

"இந்த வருசம் உன்னைப் பின்னுக்கு நிக்க விட்டதும் அதாலைதானோ?"

"மே பீ. எனக்குப் பின்னுக்கு நிக்கப் பிடிக்கும்."

"நான் கோச்சுக்கு எழுதட்டோ? என்ர பிழை எண்டு..."

"அப்பா, ப்ளீஸ்." கையைத் தூக்கி மறித்தாள். "நோ மோர் ஈமெயில்ஸ்."

வாசுகி தோசைக்கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது.

நான் கேட்க நினைத்த கேள்வி வேறு. அதைக் கடைசியாகக் கேட்டேன். "உனக்கு ரூல் தெரியும். நேரம் இருக்கெண்டும் தெரியும். எனக்கு ஒண்டும் தெரியாதெண்டும் தெரியும். பிறகு ஏன் பிள்ளை அடிச்சனி?"

சம்பலை விரலால் தட்டில் ஒதுக்கினாள்.

"இங்கிலிஷிலை ஆராவது 'கிக்' எண்டு கத்தினா நான் யோசிப்பன்," என்றாள். "செய்யிறதோ, வேண்டாமோ எண்டு. தமிழிலை சொன்னா யோசிக்கத் தெரியாது, அப்பா. ஐ ஜஸ்ட் டூ இட். செய்து முடிச்ச பிறகுதான் விளங்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. தன் உயரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு மெஷின் முடிந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனாள்.

6

நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். இருபது வருடத்தில் அவளுக்கு நான் கொடுத்த தமிழை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எழும்பு. பல்லைத் தீட்டு. வெளிக்கிடு. சாப்பிடு. இன்னும் கொஞ்சம் சாப்பிடு. படி. சத்தம் போடாதை. அன்ரிக்கு வணக்கம் சொல்லு. படு. கேள்வியாகக் கேட்டதும் உண்டு: எத்தினை மார்க்ஸ்? ஏன் குறைஞ்சது? அதுவும் கட்டளைதான், வேறு உடுப்புப் போட்டது.

தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமை தவறாமல் ஏற்றிப் போனேன். பிள்ளைகள் தமிழை விட்டு விலகிப் போகிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசி, கைதட்டும் வாங்கினேன். வீட்டில் நான் பேசியது பயிற்சி முகாமின் தமிழ். அதில் யாரும் எதையும் யோசிக்க முடியாது. அவள் யோசிப்பதற்கு வேறு மொழிக்குப் போய்விட்டாள். நியாயம்தானே.

வாசுகியிடம் இதைச் சொன்னேன்.

"நீங்கள் மட்டுமே?" என்றாள். "நானும்தான். எனக்குக் குரல் சின்னன், அவ்வளவுதான் வித்தியாசம்."

போகும்போது ஆரணி, ஏற்ற வந்த சிநேகிதியின் காரில் உடுப்புக் கூடையோடு ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். "சனிக்கிழமை... வேணுமெண்டா வாங்கோ."

"வாயைத் திறக்க மாட்டன்."

"ஐ நோ," என்றாள். நம்பியதாகத் தெரியவில்லை.

7

சனிக்கிழமை போனேன். வாசுகி தொண்டை மிட்டாய் ஒரு பெட்டி தந்துவிட்டாள். வாய்க்குள் எப்போதும் ஒன்று இருக்கட்டும், கத்த வந்தால் கடியுங்கோ என்றாள்.

கிரெக் அதே இடத்தில் முக்காலியோடு நின்றார். நான் கால் மணித்தியாலம் பேசாமல் நிற்பதைக் கண்டு, "உடம்புக்கு ஏதுமா?" என்று கேட்டார். வீடியோவைச் சத்தத்தோடு பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் என் தோளில் கையை வைத்து, தன் மகளுடைய முதலாவது ஆட்டத்தில் நடுவர் தன்னை மைதானத்தை விட்டே வெளியேற்றியதாகச் சொன்னார். அப்போது மகளுக்கு ஒன்பது வயதாம். நான் அவருக்கு ஒரு தொண்டை மிட்டாய் கொடுத்தேன்.

ஆட்டம் நன்றாகப் போகவில்லை. இடைவேளைக்குள்ளேயே பிள்ளைகள் நாலு கோல் பின்னால் போய்விட்டார்கள். ஆரணி கடைசி வரிசையில் நின்று மறித்துக்கொண்டே இருந்தாள். விழுந்தாள், எழுந்தாள், முழங்காலில் சேறு. நான் ஏழு மிட்டாய் கடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தோல்வி பெரிதாகப் பெரிதாக எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. ஆறு கோலால் தோற்றால் அதற்கு நான் காரணமாக முடியாது.

கடைசிக் கால்பகுதியில் பந்து நான் நின்ற பக்கமாக எல்லைக்கு வெளியே உருண்டு போனது. அதை எடுத்து உள்ளே எறிவதற்காக எல்லோரும் காத்து நின்றார்கள். ஆரணி எனக்கு இரண்டு முழத் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, கையை முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கினாள்.

திரும்பாமலே கேட்டாள்: "அப்பா, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

தமிழில் கேட்டாள். அத்தனை பேருக்கு முன்னால்.

அந்த மைதானத்தில் மணிக்கூடு இல்லை. எதிர்ப் பக்கத்தில் ஒரு மேசையில் இருக்கும் இரண்டு பேருக்குத்தான் நேரம் தெரியும். நான் வாயை மூடுவதிலேயே கவனமாக இருந்ததில் கால்பகுதி எப்போது தொடங்கியது என்றே பார்க்கவில்லை. மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினேன்.

"தெரியாது, பிள்ளை," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். இந்தச் சொல்லை நான் சொல்லி அவள் முன்பு கேட்டிருக்க வாய்ப்பில்லை.

"அப்ப போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோவன்," என்றாள்.

பந்து உள்ளே வந்தது. அவள் பாய்ந்து போய்விட்டாள்.

நானும் ஓடினேன். ஐம்பத்துநாலு வயதில், வேலைக்குப் போடும் சப்பாத்தோடு, ஈரப்புல்லில், மைதானத்தைச் சுற்றி அரை வட்டம். கைதட்டிக்கொண்டிருந்த பெற்றோர் எல்லாம் விலகி வழி விட்டார்கள். யாருக்கோ ஏதோ ஆபத்து என்று நினைத்திருக்க வேண்டும். மேசையைக் கண்ணில் காணும்போது சைரன் ஊதியது. ஆனாலும் சொன்ன வேலையை முடிக்காமல் எப்படித் திரும்புவது? போய் நின்று, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டேன். அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்.

திரும்ப அரை வட்டம், இந்த முறை நடந்து. பிள்ளைகள் கைகுலுக்கி முடித்து வந்துகொண்டிருந்தார்கள். ஆரணி வாயில் இருந்த பல்லுக் கவசத்தைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். நெற்றியில் இருந்து நாடி வரை சேறு.

"முடிஞ்சுதாம், பிள்ளை," என்றேன்.

"ஓம், அப்பா," என்றாள். "கேட்டது."